ஓரம் வெட்டிய வேதம்

1927 மார்ச் 8

இன்றைய லேலோங்கில் என் பழஞ்சாமான் கடைக்கு நான் குறிவைத்தது ஒரு தேக்கு அலமாரி. அது கிடைத்தது. கூடவே அதன் அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி. ஏலக்காரன் சுத்தியலைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பதும் உனக்கே என்றான், ஏதோ ஒரு ஜில்லாவையே எழுதிக்கொடுத்த பெருமையோடு. பினாங்கில் ஒரு யூதப் பெரியவர் காலமாகி, அவர் வீட்டுச் சாமான் ரயிலேறி இங்கே கோலாலம்பூரில் வந்து விலைபோகிறது. உள்ளூரில் விற்றால் தெரிந்தவர்கள் பேரம் பேசுவார்கள் என்று உறவுக்காரர்களுக்குப் பயமாம். விவரமானவர்கள். செத்தவர் படுத்த கட்டிலுக்குக்கூட ரயில் சார்ஜ் கட்டியிருக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தால் புத்தகம். ஒன்றே ஒன்று. அம்மிக்கல் கனம். பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரை ரிக்‌ஷாக்காரன் முனகிக்கொண்டே இழுத்தான்.

தங்கமா என்று நல்லம்மாள் கேட்டாள். காகிதம் என்றேன். அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். என் சம்சாரத்துக்கு என்னைவிட வியாபாரம் தெரியும்.

மார்ச் 11

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தரிடம் புத்தகத்தைக் கொண்டுபோனேன். எழுத்து வலது கோடியிலிருந்து இடது பக்கம் ஓடுகிறதே, அவர் பாஷையாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"இப்படி ஓடுறதெல்லாம் அரபின்னா நண்டுகூட ஓதும்லா, தம்பி" என்றார்.

சரி, யூதன் வீட்டுப் புத்தகம் யூத பாஷையில் இல்லாமல் வேறு எதில் இருக்கும். எனக்கும் சில நாள் மூளை கடைதிறக்க நேரமாகிறது.

மார்ச் 15

கொர்னேலியஸ் வந்து பார்த்தார். கணக்குப் புத்தகம் தைப்பவர். இந்தத் தெருக் கடைகளின் பேரேடு முதல் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு வரை அவர் ஊசி பட்டதுதான். முதல் ஏட்டைப் பாதிரியாரிடம் காட்டிவிட்டு வந்து சொன்னார்: யூதர்களின் மறைபொருள் சாஸ்திரம், இத்தாலி தேசத்தில் கிரெமோனா என்கிற ஊரில் அச்சடித்தது, முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முந்நூற்றைம்பது வருஷம்! கேட்டதும் எனக்கு மரியாதை வந்தது. விலையும் வந்தது. ஆனால் ஒரு சங்கடம். பக்கத்துக்குப் பக்கம் ஓரமெல்லாம் எவனோ கையால் எழுதிவைத்திருக்கிறான். எவனோ இல்லை, எவன்களோ. ஒரு கை பெரிதாக, ஒரு கை பொடியாக, ஒரு கை சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி. அச்சடித்ததை மதித்து ஓரத்தை விட்டுவைக்கத் தெரியாத ஜனங்கள். சாப்பிட்ட இலையும் எழுதின புத்தகமும் ஒன்றுதான், யாரும் இரண்டாம் பந்திக்கு உட்காரமாட்டார்கள்.

"ஓரத்த வெட்டி, புதுத் தோல் போட்டுத் தாங்க" என்றேன்.

"ரெண்டு விரல் அகலம் போயிடும், முதலாளி."

"போகட்டும். கிறுக்கல் கண்ணுக்குத் தெரியக்கூடாது."

தோட்டத்துத் துரைமார் பங்களாவில் விஸ்கி கிளாஸ் பக்கத்தில் வைக்க இந்த மாதிரிப் புத்தகத்துக்குக் கிராக்கி உண்டு. வாங்குகிறவனும் படிக்கப் போவதில்லை, விற்கிறவனும் படிக்கவில்லை. இதைவிட நேர்மையான வியாபாரம் எங்கே இருக்கிறது?

மார்ச் 24

புத்தகம் வந்தது. மாப்பிள்ளை மாதிரி வந்தது. தோல் பளபளவென்று, பொன் கோடு போட்டு, ஓரம் கத்தி மாதிரி. ஒரே குறை: வலது பக்கம் ஆரம்பிக்கிற புத்தகம் என்பதை மறந்து, கொர்னேலியஸ் பொன் கோட்டைக் கடைசிப் பக்கத்து அட்டையில் போட்டுவிட்டார். துரைக்குத் தெரியவா போகிறது.

வெட்டி விழுந்த காகிதத்தை ஒரு சாக்கில் போட்டுக் கூடவே அனுப்பியிருந்தார். அடுப்புக்கு ஆகும் என்று வைத்திருந்தேன். அதற்குள் கிள்ளானிலிருந்து சபாபதி வந்து சேர்ந்தான். பண்டமாரானில் தாயத்து மந்திரித்துக் கட்டுகிற ஆள், என்னிடம் செப்புத் தகடு வாங்க வருவான். சாக்கில் கை விட்டு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது எந்த ஊரு மந்திரம், முதலாளி?"

யூத தேசத்து மந்திரம் என்றேன். நான் சொன்னது பாதி உண்மை. என் கடையில் அது அதிகம்.

"நம்ம மந்திரமெல்லாம் இங்க இருக்கிற பேய்க்கு மனப்பாடம்" என்றான். "இது அதுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாத எழுத்துக்குத்தான் யாரும் பயப்படுவாங்க. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி."

சாக்கோடு விலை பேசி எடுத்துக்கொண்டு போனான். குப்பையையும் விற்றவன் இந்த ரெங்கசாமி என்று ஊர் சொல்லட்டும்.

ஏப்ரல் 19

வந்த துரைசானி புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, திரைச்சீலை நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று போய்விட்டாள். வேதத்துக்கு இப்படியும் ஒரு பரீட்சை.

ஏப்ரல் 27

நல்லம்மாளுக்கு ஐந்தாம் மாதம். போன மூன்று தடவையும் இந்த மாதத்தில்தான். அதை எழுத வேண்டாம்.

கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றாள். ரயில் குலுக்கும் என்றேன். போய்விட்டு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. அக்கா வீட்டு மீன் குழம்பு நல்ல குழம்பு போலிருக்கிறது.

ஜூன் 6

இன்று கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். நீளமான அங்கி, தலையில் துணி. பெயர் கத்தூன். யாரோ ஹாஜியார் வீட்டு அம்மாள் என்று நினைத்து நல்லம்மாள் உள்ளே அழைத்து மோர் கொடுத்தாள். பிறகுதான் தெரிந்தது, பினாங்கில் செத்துப்போன யூதப் பெரியவரின் மகள். சித்தப்பன் மக்கள் வீட்டைக் காலி செய்தபோது இவர் கல்கத்தாவில் இருந்திருக்கிறார். அலமாரி போகட்டும், கட்டில் போகட்டும், அந்தப் பெட்டி போகலாமா என்று ஏலக்காரனைப் பிடித்து, விலாசம் வாங்கி, என்னிடம் வந்துவிட்டார். பேச்செல்லாம் மலாயில்தான். என்னுடைய மலாய் சந்தையில் பொறுக்கின பாசார் மலாய், அவருடையது கொஞ்சம் படித்த மலாய்.

புத்தகத்தை எடுத்து வைத்தேன். நான்கு பங்கு விலை மனதில் போட்டுக்கொண்டே வைத்தேன். பொன் கோட்டைக் கீழே போட்டுப் புரட்டி, சரியான பக்கத்திலிருந்து திறந்தார். அச்சை அவர் பார்க்கவே இல்லை. விரலை அச்சுக்கு வெளியே கொண்டுபோனார், ஓரத்தில் எதையோ தொட. விரல் காகிதத்தை விட்டு என் மேஜையில் விழுந்தது.

அடுத்த பக்கம். அதுவும் அப்படி.

"மீதி எங்கே, தௌக்கே?" என்றார்.

தௌக்கே என்கிற இந்த முதலாளி மேஜையைத் துடைத்தான். வாழ்க்கையில் எனக்குப் பதில் வராத சந்தர்ப்பம் இது ஒன்று. இன்னொன்று என் கல்யாணம்.

ஜூன் 7

அம்மாள் திரும்பி வந்தார், உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை.

விஷயம் இதுதான். இந்தச் சாஸ்திரத்தை அந்தக் காலத்தில் இத்தாலியில் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே சமயத்தில் அச்சடித்தார்கள். மாந்துவாவில் ஒரு கூட்டம், கிரெமோனாவில் ஒரு கூட்டம். இவன் பாடம் சுத்தம் என்று அவன் சொல்லவில்லை, அவன் பாடம் முழுசு என்று இவன் சொல்லவில்லை. எதிரெதிர் கடை. எனக்கு இது நன்றாகவே புரிந்தது. இதில் இருக்கிற வரி அதில் இல்லை, அதில் இருக்கிற சொல் இதில் கோணல். பாக்தாதில் இருந்த இவருடைய பாட்டனாருக்குத் தகப்பனார் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கே எது சரி என்று ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். பாட்டனார் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, தன் தகப்பனார் எழுதினதில் பிழை கண்டுபிடித்து எழுதினார். இவருடைய தகப்பனார் பினாங்குக்குக் கொண்டுவந்து, இரண்டு பேரையும் திருத்தினார். எங்கள் சாதியில் அப்பன் பிள்ளை சண்டை தெருவில் நடக்கும். இவர்கள் மூன்று தலைமுறையாக ஓரத்தில் நடத்தியிருக்கிறார்கள்.

அந்தக் குறிப்புகளை மட்டும் தனிப் புத்தகமாகப் போட பாக்தாதில் ஓர் அச்சுக்கூடத்துக்காரர் சம்மதித்துவிட்டார். அதைப் பார்க்காமல் தகப்பனார் போய்விட்டார். ஆண்பிள்ளை இல்லாததால் மகளுக்கே படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்தக் கைகள் மூன்றையும் படிக்கத் தெரிந்தவர் இனி இவர் ஒருவர்தான்.

"இந்த அச்சு வேறு இடத்திலும் கிடைக்கும்" என்றார். "ஓரம்தான் கிடைக்காது."

ஆக, பழத்தை வைத்துக்கொண்டு தோலை வீசினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீசினதுதான் பழம்.

வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க போயிருந்தாலும் எல்லாத்தையும் கொண்டாந்து தரேன், அம்மா. என் வாக்கு" என்று சொல்லிவிட்டேன். விலை பேசுகிற அவசரத்தில் வந்த வாக்கு. வாக்குக்கு அது தெரியுமா?

ஜூன் 9

கிள்ளான் போனேன். சபாபதி சாக்கை இன்னும் வைத்திருந்தான். கொஞ்சம்தான் தீர்ந்திருக்கிறது, விரல் நீளத்துக்கு நறுக்கிச் செப்புக் குழாயில் போட்டு, அரக்கு வைத்து அடைத்து விற்றிருக்கிறான். யார் யாருக்கு என்று கேட்டேன். வைத்தியனைவிட ஞாபகசக்தி. ரயில்வே கார்டு லியனார்ட், துறைமுகத்து நாகையா, சோற்றுக்கடை இராஜம்மா, இன்னும் இரண்டொருவர்.

"இன்னொருத்தர் இருக்காங்க. அதைச் சொல்லமாட்டேன்" என்றான். "சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணிக்கொடுத்திருக்கேன்."

தாயத்து வியாபாரிக்குத் தொழில் தர்மம்! மிரட்டிப் பார்த்தேன். செப்புத் தகடு இனி கிடையாது என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சாக்கைத் திரும்ப வாங்கினேன். விற்ற விலைக்கு இல்லை.

ஜூன் 10

அம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அடி வாங்கத் தயாராக. உங்கள் தகப்பனார் எழுத்து எங்கள் ஆட்கள் கழுத்திலும் கையிலும் தொங்குகிறது என்றேன். அந்தம்மாள் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்கள் பாக்தாதில் பாதிப் பேர் உடம்பில் இதுதான் தொங்கும், தௌக்கே. ஆனால் அதற்கென்று வாசகம் இருக்கிறது, தேவதைகள் பெயர் இருக்கிறது. நீங்கள் கட்டிவிட்டது என் பாட்டன்மாருடைய அச்சுப்பிழைத் திருத்தம்."

ஸ்டேஷன் பக்கத்து விடுதியில் அறை எடுத்திருக்கிறார். சாக்கைக் கொட்டி, பக்கம் பக்கமாகப் பொருத்துகிறார். வெட்டுப்பட்ட எழுத்தின் பாதி புத்தகத்தில், பாதி துண்டில். இரண்டையும் சேர்த்தால் எழுத்தின் கால் உடம்போடு சேர்கிறது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும். அதிகம் இல்லை.

ஜூன் 14

லியனார்டைப் பிடித்தேன். கூட்ஸ் வண்டிக் கார்டு. போன வருஷம் அவன் வண்டியில் ஓர் ஆள் விழுந்ததிலிருந்து தூக்கம் இல்லாமல் இருந்தானாம், தாயத்து கட்டியதிலிருந்து குறட்டை விடுகிறானாம். சட்டைக்குள் மாதா சுரூபமும் செப்புக் குழாயும் ஒரே கயிற்றில் சமாதானமாகத் தொங்குகின்றன.

"மாதாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மாதாவுக்குத் தெரியும், அண்ணே. பிலோமினாவுக்குத்தான் தெரியாது."

பிலோமினா அவன் பெண்சாதி. அவளிடம் சொல்லிவிடுவேன் என்றதும் கழற்றினான். வியாபாரத்தில் இதற்கு வேறு பெயர் உண்டு.

அம்மாள் அரக்கை உடைத்து, சுருளை நீவிப் படித்தார். ‘இந்தக் கறை என் மகன் காபி கொட்டியது. நான் அல்ல.’ இதுதான் லியனார்டைத் தூங்கவைத்த மந்திரம். என்ன எழுதியிருக்கிறது என்று அவன் ஆவலாகக் கேட்டான். ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றி எழுதியது என்றேன். பொய் இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெறும் குழாயோடு அவனை அனுப்ப அம்மாளுக்கு மனமில்லை. வேறு காகிதத்தில், தூங்காதவர்களுக்கென்று அவர்களிடம் இருக்கிற வாசகத்தை எழுதி அடைத்துக் கொடுத்தார். மாதாவுக்கு இப்போது புதுப் பங்காளி.

ஜூன் 18

சனிக்கிழமை. யூதர்களுக்கு ஓய்வு நாள். அம்மாள் இன்று பேனாவைத் தொடமாட்டாராம், துண்டைக்கூட நகர்த்தமாட்டாராம். என் கடைப் பையன்கள் கேள்விப்படாமல் இருக்க வேண்டும்.

ஜூன் 20

நாகையா கொடுத்துவிட்டான். இராஜம்மாவும், மற்ற இரண்டொருவரும். எல்லோருக்கும் பதிலுக்கு அம்மாள் கையால் புதுசு. இராஜம்மாவுடையதைப் பிரித்தால், ‘மாந்துவாக்காரன் இங்கே ஒரு வரியைத் தின்றுவிட்டான்’ என்று இருந்தது. சோற்றுக்கடைக்காரிக்குப் பொருத்தம்தான்.

சபாபதி விடுதிக்கே வந்து, அந்த அம்மாள் கூட்டு வியாபாரத்துக்குச் சம்மதிப்பாரா என்று விசாரிக்கிறான். விரட்டினேன்.

பாக்கி அந்த ஒரு ஆள். அம்மாள் பக்கத்தைக் காட்டினார். புத்தகத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஓரம் இன்னும் மொட்டையாக நிற்கிறது. வெட்டுவாயில் பாதி பாதி எழுத்து, தகப்பனார் கை என்பது தெரிகிறது, என்ன என்பது தெரியவில்லை.

ஜூன் 23

ராச்சாப்பாட்டில் லியனார்ட் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். நல்லம்மாள் சிரிக்கவில்லை. ரசத்தை வைத்துவிட்டுக் கேட்டாள், "அந்தக் கடைசி ஆளு யாருன்னு சபாபதி சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன்.

ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். கறுப்புக் கயிறு. செப்புக் குழாய்.

அக்கா வீட்டு மீன் குழம்பு!

"உங்ககிட்ட சொன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீங்கன்னுதான் சொல்லல. அஞ்சாம் மாசம் தாண்டிருச்சுங்க. மூணு தடவை தாண்டல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, அது வெறும் அச்சுப்பிழை, புள்ளே.

"இருக்கட்டும். அந்தப் பிழைதான் தாங்குது. யாருகிட்ட இருந்து வேணும்னாலும் அவுத்துட்டு வாங்க. என் கையில கை வைக்காதீங்க."

ரசம் ஆறிப்போச்சு. நானும் குடிக்கல, அவளும் குடிக்கல.

ஜூன் 24

என் வாக்கு எங்கே போனாலும் திரும்பி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 3

மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அம்மாளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இரண்டு பெண்பிள்ளைகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நடுவில் துபாஷியாக நான். நல்லம்மாளுக்கு மலாய் காய்கறிக்கு வரும், இதற்கு வராது.

பிரசவத்துக்கென்றே எங்களிடம் வாசகம் இருக்கிறது என்று அம்மாள் சொன்னார். ராஜா வீட்டுப் பெண்களுக்கும் அதுதானாம். நானே எழுதித் தருகிறேன், குளித்து, உபவாசம் இருந்து எழுதித் தருகிறேன், இதை மட்டும் கொடு என்றார். நான் மொழிபெயர்த்தேன். என் பங்குக்குக் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்தேன்.

நல்லம்மாள் யோசித்தாள். "அவங்க சொல்றது நல்லதாத்தான் இருக்கும். ஆனா அது இன்னும் ஒண்ணும் பண்ணிக் காட்டல. இது காட்டிருச்சு."

இதை நான் மலாயில் சொன்னபோது அம்மாள் தலையை ஆட்டினார். "கெட்டிக்காரி. கடையில் யாரை உட்காரவைக்க வேண்டும் என்று தெரியாமல் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்."

கடைசியில் ஒப்பந்தம் இப்படி: பிள்ளை பிறந்ததும் நல்லம்மாள் கழற்றித் தருவாள். அதுவரை பாக்தாத் அச்சுக்கூடத்துக்காரர் காத்திருக்க வேண்டும். சாட்சி நான். யாருக்கும் நம்பிக்கை வராத சாட்சி. அம்மாள் நாளை பினாங்கு போகிறார், புத்தகத்தோடும் துண்டுகளோடும். விலை பேசத் தொடங்கினேன். பேச்சு எங்கே போய் முடிந்தது என்று எழுதுவதற்கில்லை. நான் வாங்கின விலைக்கே போயிற்று. தோல் கூலி என் தலையில்.

ஆகஸ்ட் 30

பெண். இரண்டு பேரும் நலம்.

இன்றைக்குக் கடை திறக்கவில்லை. திறந்தால்கூட விலை சொல்லியிருக்கமாட்டேன்.

செப்டம்பர் 3

பெயர் சந்திரகலா. என் சாயல் என்கிறார்கள். பாவம்.

பினாங்குக்குத் தந்தி அடித்துவிட்டேன். பண்டிகை முடிந்து வருகிறேன் என்று பதில்.

செப்டம்பர் 14

காய்ச்சல். பால் குடிக்க மாட்டேங்குது. ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு. ஒருத்தர் ஒண்ணுமில்லைங்கிறார், இன்னொருத்தர் பேசவே மாட்டேங்கிறார். ஒண்ணுமில்லேன்னா ஏன் இப்படிக் கொதிக்குது? ஒரு சாண் உடம்புல எங்கேர்ந்து வருது இவ்வளவு சூடு?

நல்லம்மாள் தன் கையிலிருந்த குழாயை அவிழ்த்து, குழந்தை இடுப்பில் கட்டினாள். என்னைப் பார்க்கவே இல்லை. முடிச்சுப் போட நான் விளக்கைத் தூக்கிப் பிடிச்சேன்.

செப்டம்பர் 17

பால் குடித்தது.

டாக்டர் தன் மருந்து என்கிறார். சபாபதி தன் கயிறு என்கிறான், அவனுக்கு யார் சொன்னதோ. பிலோமினா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். பாராட்டைப் பங்குபோட வந்தவர்களுக்குக் காபி போட்டே பால் தீர்ந்துபோயிற்று.

அக்டோபர் 25

கத்தூன் அம்மாள் இன்று வந்தார். குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்திருக்கிறார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் கொலுசைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்தாதுக்காரர் மற்ற எல்லாவற்றையும் எழுத்துக் கோத்துவிட்டாராம், இந்த ஓர் இடத்துக்காக நிற்கிறாராம். அது நல்லம்மாளைப் பார்த்துச் சொன்னதல்ல. என்னைப் பார்த்துச் சொன்னது.

நல்லம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை என்றால் எனக்குப் பழக்கம்.

"வாக்குக் கொடுத்தது நான். இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா என் கையால அவுக்க முடியாதுங்க. நீங்கதான் இதெல்லாம் நம்பாதவரு. நீங்களே அவுத்துக் கொடுங்க. நான் பாக்கல."

முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கையில் பேனாக்கத்தி. உள்ளே இருப்பது என்ன? பினாங்கில் ஒரு கிழவர் மாந்துவாக்காரனையோ கிரெமோனாக்காரனையோ திட்டி எழுதியது. செப்புக்கு நான் விலை சொல்வேன், அரக்குக்குச் சொல்வேன், கயிறு ஒரு முழம் என்ன என்றும் தெரியும். லியனார்டை மிரட்டினேன், இராஜம்மாவைக் கேலி செய்தேன், நாகையாவிடம், என்னடா ஆம்பிளை என்று கேட்டேன். அவர்களெல்லாம் கழற்றிக் கொடுத்தார்கள். கழற்றும்போது ஒரு கணம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்களே, அது எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். குழந்தையின் வயிறு ஏறி இறங்கியது. கத்தியை மடக்கிப் பையில் போட்டேன்.

வெளியே வந்து அம்மாளிடம், முடிச்சு இறுகிக் கிடக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன். இருபது வருஷம் சாமான் விற்றவனுக்கு இதைவிடத் தேவலையான பொய் வந்திருக்க வேண்டும்.

அம்மாள் என் கையைப் பார்த்தார். வெறுங்கை.

"என் அப்பா இதையெல்லாம் நம்பாதவர், தௌக்கே" என்றார். "படித்தவர், கேலி பேசுவார். நான் பிறந்தபோது அறையின் நாலு சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். ஒட்டாமல் இருக்கத் தைரியம் வரவில்லை என்றார்."

பிறகு நல்லம்மாள் கொண்டுவந்த காபியைக் குடித்தார். புறப்படும்போது சொன்னார், பாக்தாதுக்கு எழுதிவிடுகிறேன், அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடச் சொல்லி.

ஸ்டேஷன் வரை கூடப்போனேன். வண்டி கிளம்பும்வரை மன்னிப்பு என்பதற்கு மலாயில் என்ன வார்த்தை என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த வார்த்தைதான். வாயில் வரவில்லை.

1928 டிசம்பர் 11

பினாங்கு மெயிலில் வந்த ஒரு பொட்டலத்தை லியனார்ட் கொண்டுவந்து கொடுத்தான். குறிப்புகளின் புத்தகம். மெல்லியது, பாக்தாதில் அச்சு. வலது பக்கத்திலிருந்து திறந்தேன்.

அம்மாள் ஒரு பக்கத்தில் நூல் வைத்து அடையாளம் செய்திருக்கிறார். நெருக்கமான அச்சுக்கு நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. கூட வைத்த சீட்டில் அந்த வரிக்கு மலாயில் பொருள் எழுதியிருந்தார். படித்து நல்லம்மாளுக்குச் சொன்னேன்:

‘இங்கே இருக்க வேண்டிய குறிப்பு கோலாலம்பூரில் ஒரு பெண் குழந்தையின் இடுப்பில் இருக்கிறது. அவள் வளர்ந்து கொடுத்தால் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும்.’

"நம்ம புள்ள பேரு போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள். பெயர் இல்லை, ஊர் இருக்கிறது என்றேன். ஊர் போதும் என்றாள். யாருக்கும் படிக்கத் தெரியாத புத்தகத்தை எங்கே வைப்பது என்று பார்த்து, கடைசியில் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தேன். முருகனும் ஆட்சேபிக்கவில்லை.

டிசம்பர் 16

குழந்தை நடக்கிறது. நடக்கிறது என்றால் கடைக்குள் போய்க் கண்ணாடிச் சாமான்களைத் தேர்ந்தெடுத்து உடைக்கிறது.

இடுப்புக் கயிறு இறுகிவிட்டது, தடம் பதிகிறது என்று காலையில் நல்லம்மாள் சொன்னாள். மத்தியானம் பாசார் பக்கம் போனபோது கறுப்புக் கயிறு வாங்கினேன். சபாபதியிடம் இல்லை, தெரியாத கடையில். கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பழையதை அறுப்பதற்கு முன்பே புதியதைக் கோத்து, முடிச்சு நானே போட்டேன். மூன்று முடிச்சு. நல்லம்மாள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு இறுக்கமா எதுக்குங்க முடிச்சு?" என்றாள்.

இல்லாவிட்டால் அவிழ்ந்துவிடும் என்றேன்.